வாத்தியாருக்குத் துணையாகப் போங்கள்

எங்கள் காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, பூந்தமல்லி பக்கத்துச் சபைகளில் வெளிநாட்டு ஊழியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், கொஞ்ச நேரத்தில் அது பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கும். போரூர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு மாதம் லீவு போட்டுவிட்டு நேபாளத்திலோ ஆப்பிரிக்காவிலோ இருக்கும் சின்ன மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஓய்வு பெற்ற டீச்சர்மார், உடம்பில் தெம்பு இருக்கும்போதே இலங்கை மலையகத்துக்குப் போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு வரலாமே என்கிறார்கள். ஆசை நல்ல ஆசைதான், அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. ஆனால் வகுப்பறை அனுபவத்தையும் இந்த மண்ணின் மிஷன் பள்ளி வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு உறுதிப்படுவது ஒன்றே ஒன்று. வெளியூர்க்காரர் நேராகக் கரும்பலகை முன் போய் நின்று வகுப்பெடுத்தால் அந்தப் பள்ளிக்கு அதிகம் மிஞ்சுவதில்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் வாத்தியாருக்குப் பக்கத்துணையாக, அவருக்குக் கீழே, பிள்ளைகளின் மொழியில் வேலை பார்த்தால் நிறைய மிஞ்சுகிறது. போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனைகள் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நம் ஊருக்கு வந்தவர்களிடமிருந்தே தொடங்கலாம். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவை ‘முதல்’ என்ற அடைமொழி இல்லாமல் யாரும் எழுதுவதில்லை. தரங்கம்பாடி அச்சுக்கூடம், முதல் தமிழ்ப் புதிய ஏற்பாடு, பெண்பிள்ளைகளுக்கான பள்ளி என்று பட்டியல் நீளும். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது அவர் செய்த முதல் காரியம். வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டுக்கே பிள்ளைகளோடு வரவழைத்தார். அந்தப் பொடிசுகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் ‘அ’னா ‘ஆ’வன்னா எழுதினார். ஜெர்மனியில் பல்கலைக்கழகம் பார்த்துவிட்டு வந்தவர், ஊர் வாத்தியாருக்கு முன்னால் மாணாக்கனாக உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் பள்ளி. 1719-இல் சாகும் வரை, இடையில் ஒருமுறை ஐரோப்பா போய் வந்ததைத் தவிர, இங்கேயே இருந்தார். இன்றைய தன்னார்வலரிடம் அந்த ஆயுள் கணக்கை எதிர்பார்க்க முடியாது. அந்த வரிசையை எதிர்பார்க்கலாம்: முதலில் உள்ளூர் வாத்தியாரின் வகுப்பில் மாணவன், பிறகு உதவியாள், அதற்குப் பிறகு தேவைப்பட்டால் ஆசிரியர்.

இரண்டாவது ஆள் நம் எழும்பூரிலேயே இருந்தவர். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789-இல் அங்கே இருந்த ஆண் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகளுக்கான பள்ளி அது. எழுத்து கற்பிக்கும் கீழ்வகுப்பு மந்தமாகக் கிடந்தது. அந்த நேரத்தில் உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவது அவர் கண்ணில் பட்டது. சிலேட்டும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். தப்பாகப் போனால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். இதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னபோது சம்பள வாத்தியார்கள் ஒத்துவரவில்லை. பெல் அந்த வகுப்பை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த முறை 1797-இல் லண்டனில் புத்தகமாகி, ‘மெட்ராஸ் முறை’ என்ற பேரோடு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் எல்லாம் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று ஒரு பள்ளி இருப்பது அதனால்தான். கடல் கடந்து கற்பிக்க வந்தவர் கண்டுகொண்டது இங்கே பிள்ளைகள் தமக்குள் கற்றுக்கொண்டிருந்த விதத்தை. இந்தக் கதையில் ஒரு முள்ளும் இருக்கிறது. ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓட்டிவிடலாம் என்பது இங்கிலாந்து கனவான்களுக்கு மலிவான வழியாகவும் தெரிந்தது. சம்பளம் கேட்காத கை கிடைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டிய இடம் சுருங்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது சான்று யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் 1823-இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி அந்தக் காலத்தில் ஆசியாவிலேயே பேர்போன கல்விச்சாலைகளில் ஒன்று. 1855-இல் பாஸ்டனில் இருந்த மிஷன் தலைமையகத்திலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சன் குழு, இங்கிலீஷ் படித்தவர்கள் கிராமச் சபைக்குப் போகாமல் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று கண்டு அதை மூடச் செய்தது. காசும் ஆளும் அனுப்பிய தலைமையகம் கையை இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். வெளிநாட்டு வாத்தியார்கள் தாங்களே நின்று நடத்திய பள்ளியாக மட்டும் அது இருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். முடியவில்லை. அங்கே படித்து அங்கேயே வாத்தியார்களாகவும் இருந்த யாழ்ப்பாணத்தார் அடுத்த ஆண்டே அதே ஊரில் உயர்பள்ளி நடத்தினார்கள், 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கரோல் விசுவநாத பிள்ளையும் சி.வை. தாமோதரம் பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்களே. ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887-இல் அச்சில் ஏற்றியவர் இந்தத் தாமோதரம் பிள்ளைதான் என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அதே மிஷனில் 1847-இல் வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் முதலில் இங்கிலீஷில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். பிறகு 1860-களில் தமிழுக்கு மாறினார். இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று பாடநூல்களே தமிழில் வந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் மருத்துவர்களை உருவாக்கிவிட்டுத்தான் 1873-இல் ஊர் திரும்பினார். அவர் ஒருவரே எத்தனை நோயாளியைப் பார்த்தார் என்று கணக்கெடுத்தாலும் பெரிய எண்தான் வரும். ஆனால் அவர் போன பிறகும் யாழ்ப்பாணத்தில் நோயாளி பார்த்த கைகள் அந்த அறுபது பேருடையவை.

இவர்கள் எல்லாம் மேதைகள், நாங்கள் சாதாரண ஆட்கள் என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் சாதாரண ஆட்களை வைத்துப் பார்த்த ஆய்வுக்கு வருவோம். மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் அமைப்பு ‘பால்சகி’ என்ற திட்டத்தை நடத்தியது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, வகுப்பில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியே உட்காரவைத்து எழுத்தும் கணக்கும் சொல்லித்தரச் செய்தார்கள். வகுப்பாசிரியர் வகுப்பிலேயே இருந்தார். பொருளாதார நிபுணர்கள் 2001 முதல் 2003 வரை இதை ஒப்பிட்டுப் பார்த்தபோது பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ பேர்கள் இந்த ஆய்வில் இருப்பதால் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். நம் தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும் ஏறக்குறைய அதே தடம். அதே குடியிருப்பைச் சேர்ந்த தன்னார்வலர், மாதம் ஆயிரம் ரூபாய், மாலையில் ஒன்றரை மணி நேரம். கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு இந்தத் தன்னார்வலர்கள் காரணம் என்றும் ஆய்வு சொல்கிறது. பி.எட். இல்லை, அமெரிக்க உச்சரிப்பு இல்லை. பிள்ளையின் மொழி இருந்தது, பள்ளிக்கூடம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, இவர்கள் துணை நின்றார்கள்.

‘அதெல்லாம் சரி, அந்தப் பள்ளிகள் கேட்பதே இங்கிலீஷ்தானே? நன்றாக இங்கிலீஷ் பேசுகிற ஆள் போனால் போதாதா?’ இதுதான் எப்போதும் வருகிற மறுப்பு. கேட்பது உண்மை. ஆனால் இங்கிலீஷ் கற்பிக்கவே பிள்ளையின் மொழி வேண்டும் என்பதை ஒரு கட்டுரை நோட்டைத் திறந்து பார்த்தால் புரியும். மலையகப் பிள்ளையாகட்டும், நம் மாங்காட்டுப் பிள்ளையாகட்டும், ‘மை ஃபாதர் கோ டு வொர்க்’ என்று எழுதும். கோ-வுக்குப் பின்னால் வர வேண்டிய ‘எஸ்’ஸைக் காணோம். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர் சிவப்பு மையால் அதைச் சுழித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவார், மறுநாளும் அதே தப்பு வரும். தமிழ் தெரிந்தவருக்குக் காரணம் தெரியும். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறாள் என்று ஆளுக்கு ஆள் வால் மாறும். இங்கிலீஷில் எல்லாருக்கும் ‘கோ’தான் என்று கேட்டதும் பிள்ளைக்கு நிம்மதி, வாலை மொத்தமாக வெட்டிவிடுகிறது. ‘இல்லடா கண்ணா, அங்கேயும் ஒரே ஒரு வால் இருக்கு, அப்பா, அம்மா, அக்கானு ஒருத்தரைப் பத்திப் பேசும்போது மட்டும் வரும்’ என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். நாற்பது நோட்டையும் திருத்தி, இந்த வாரம் இந்த ஒரு தப்பை மட்டும் எடுத்து, எத்தனை பிள்ளைகள், எந்தெந்தப் பிள்ளைகள் என்று ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியர் மேசையில் வைத்தால், அடுத்த வாரப் பாடத்தை அவர் அதை வைத்து நடத்துவார். அவருக்கு இல்லாதது அறிவு அல்ல, அந்த நாற்பது நோட்டைத் திருத்தும் நேரம். சின்னப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைப் பார்த்துக்கொண்டு சத்துணவுக் கணக்கும் எழுதிக்கொண்டிருப்பார். தன்னார்வலர் கொடுக்கக்கூடிய மிக விலையுயர்ந்த பொருள் அந்த நேரம்தான்.

ஆகவே எங்கே போவது என்ற கேள்விக்கு என் பதில் தயங்காமல் வரும்: உங்கள் மொழி வேலை செய்யும் இடத்துக்கு. இதுவும் புதிய யோசனை இல்லை. இலங்கையின் காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1854-இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கியபோது, அங்கே போய் நின்ற முதல் உபதேசியார்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள். அவர்கள் பேசியதைத் தோட்டத்துச் சனம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்டது. இன்றைக்கும் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் தமிழர் சபைகள் இருக்கின்றன. அவை நடத்தும் முன்பள்ளிகளுக்கும் மாலை வகுப்புகளுக்கும் தமிழ் பேசும் துணையாள் கிடைத்தால் எவ்வளவு பயன் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே முழுநேரக் கிறிஸ்தவப் பள்ளிகள் ஏன் குறைவு என்பதையும் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டும். 1960, 1961 சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது, தோட்டப் பள்ளிகள் 1970-களில் அரசுக்குப் போயின. தனியாக நின்றவை சிலவே. ஒன்றும் தெரியாமல் போய் ‘உங்கள் மிஷன் பள்ளி எங்கே?’ என்று கேட்டால் அது அறியாமை மட்டுமில்லை, அந்த ஊர்க்காரர்களின் பழைய காயத்தைக் கிளறுவதும் ஆகும். அதோடு, மொழி ஒன்று என்பதால் பாடமும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே பெற்றோரின் கவலை எல்லாம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. பிறகு க.பொ.த. சாதாரண தரம். நம் சமச்சீர் புத்தகத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவது வீண் சுமை. அவர்கள் பாடநூலை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். அந்த மலையகத்திலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. ஜெர்மன் உதவி அங்கே வந்தபோது ஜெர்மானியர்கள் தோட்டப் பள்ளிகளில் வகுப்பெடுக்க வந்து வரிசை கட்டவில்லை. கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத ஆசிரியர் கல்லூரி உருவானது. தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் அங்கே பயின்று அதே தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள்.

தமிழ் பேசாத நாட்டுக்குப் போகவே கூடாதா என்றால், போகலாம். ஆனால் அப்போது காலத்தை நீட்டியாக வேண்டும், அல்லது வேலையைச் சுருக்கியாக வேண்டும். ஒரு கல்வியாண்டு முழுக்க இருந்து, முதல் சில மாதங்கள் மொழி கற்பதற்கென்றே வைக்க முடிந்தால் போங்கள். முடியாதென்றால் பிள்ளைகளின் வகுப்பைத் தொடாதீர்கள். பள்ளி விடுமுறையில் ஆசிரியர்களோடு மட்டும் பத்து நாள் உட்கார்ந்து கணக்குப் பயிற்சித் தாள் தயாரிப்பது, நூலகத்தை ஒழுங்குபடுத்துவது, மதிப்பெண் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பழக்கிவிடுவது போன்ற வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.டி. பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஊழியம் எனக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால், இருவகை ஆட்களில் ஒருவரை அனுப்பலாம் என்றால் நான் ஓய்வு பெற்ற டீச்சரைத்தான் தேர்ந்தெடுப்பேன். முப்பது வருஷம் பலதரப்பட்ட வகுப்புகளைச் சமாளித்த அனுபவம், ஆண்டு முழுக்கத் தங்கும் ஓய்வு, இன்னொரு ஆசிரியரின் வகுப்பில் வாயை மூடிக்கொண்டு உட்காரும் பக்குவம், மூன்றும் அவரிடம்தான் சேர்ந்து இருக்கும். இந்த மூன்றாவது எல்லா ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கிட்டத்தில் இருக்கிற தேவையை விட்டுவிட்டு எட்டாத தூரத்துக்கு ஏன் ஓட வேண்டும் என்ற மறுப்பு எனக்கும் நியாயமாகவே படுகிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் உட்காரவைத்துப் பயனில்லை என்று கண்டு, சூளை ஓரத்திலேயே ஒடியா பாடநூலோடும் ஒடியா பேசும் ஆசிரியரோடும் வகுப்புகள் நடத்தப்பட்டன. வேறு மொழிப் பிள்ளைக்கு எது தேவை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று கிடையாது. பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அங்கே பாடம் படித்துக்காட்டவும் தேர்வு எழுதிக்கொடுக்கவும் எப்போதும் ஆள் வேண்டும். ஆகவே வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்குமுன் இங்கே ஒரு பள்ளியாண்டு, வாரம் இரண்டு மாலை, ஒரே பள்ளிக்கு, விடாமல் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் மவுண்ட் - பூந்தமல்லி ரோடு தண்ணீரில் நிற்கும் நாளிலும் போக மனம் வருகிறதா என்று அப்போது தெரிந்துவிடும். அந்த ஒரு வருஷம் நிற்காதவர் அக்கரையில் நிற்கப் போவதில்லை. நின்றவர் போகட்டும். அப்படிப் போகிறவரால் இங்கே யாருக்கும் நஷ்டமில்லை, அவருக்குப் பழக்கம் பிடித்துவிட்டது, திரும்பி வந்தாலும் தொடர்வார்.

இனி அந்தச் சம்பள விஷயம். சின்னக் கிறிஸ்தவப் பள்ளிகள் பணத்துக்கு எப்போதும் திண்டாடும். இலவசமாக ஆள் வருகிறது என்றால் நிர்வாகத்துக்கு ஒரு சம்பளம் மிச்சம். காலியான இடத்தை நிரப்பாமல் தன்னார்வலரை வைத்து ஓட்டிவிட்டு, அவர் போனதும் அடுத்த தன்னார்வலருக்குக் கடிதம் எழுதும் பழக்கம் வந்துவிட்டால், பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு புது முகம், ஒவ்வொரு முறையும் ‘வாட் இஸ் யுவர் நேம்’ பாடம். உள்ளூரில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த வேலை இல்லை. ஆகவே தலைமை ஆசிரியரிடம் ஒரு கேள்வியை நேராகக் கேட்க வேண்டும்: நான் வராவிட்டால் இந்த வகுப்பை யார் எடுப்பார்? ‘யாரும் இல்லை’ என்று பதில் வந்தால் போகாதீர்கள், நீங்கள் திரும்பும் நாளில் அந்த வகுப்பு அநாதையாகிவிடும். ‘இன்ன டீச்சர்’ என்று ஒரு பேர் சொன்னால், அந்த டீச்சருக்குத் துணையாகப் போங்கள். விமானச் செலவையும் அந்த ஊர் ஆசிரியரின் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தூர நாடு என்றால் உங்கள் டிக்கெட் பணத்தில் அவருக்குப் பல மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம் என்று வரும். அப்போது பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பதும் ஊழியம்தான். ‘அனுபவம் கிடைக்குமே, எனக்குக் கண் திறக்குமே’ என்று சிலர் சொல்கிறார்கள். திறக்கும், மறுக்கவில்லை. அப்படியானால் அதைக் கல்விச் சுற்றுலா என்று சொல்லி, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பள்ளிக்குப் பணம் கட்டிவிட்டுப் போவதே நேர்மை.

மதம் பற்றிய மறுப்பை மழுப்பக் கூடாது. கிறிஸ்தவப் பள்ளிக்குப் போவது மதம் மாற்றப் போவதுதானே என்று கேட்பவர்களுக்கு வரலாறு முழுக்க ஆதரவாக இல்லை, முழுக்க எதிராகவும் இல்லை. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் பெர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே கற்பித்து, வேதாகமத் தமிழாக்கத்துக்கும் உதவிய ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளியின் வகுப்பு, பாடநூல், அச்சு முறைகளைக் கைக்கொண்டே மிஷனை எதிர்த்தார். பிள்ளைக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் அது என்ன சிந்திக்கும் என்பது வாத்தியார் கையில் இல்லை என்பதற்கு அவரே சாட்சி. விசுவாசியாக இருப்பதை யாரும் மறைக்க வேண்டாம். ஆனால் மதிப்பெண்ணையும் மதியச் சாப்பாட்டையும் கையில் வைத்திருப்பவர் பிள்ளையின் நம்பிக்கையில் கை வைப்பது முறையில்லை, எந்த நாட்டிலும். சில நாடுகளில் அது குற்றமும்கூட. நேபாளத்தின் 2015 அரசியலமைப்பே மதமாற்றத்தைத் தடுக்கிறது, தண்டனைச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை இருக்கிறது. இந்தியருக்கு அங்கே விசா வேண்டாம் என்பதால் பக்கத்துத் தெரு மாதிரி நினைத்துக்கொண்டு போகிறார்கள். மாட்டிக்கொண்டால் மூடப்படுவது அந்தப் பள்ளி. விசா வேண்டிய நாடுகளில் சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுப்பதும் அப்படித்தான். சம்பளம் வாங்காவிட்டாலும் பல நாடுகள் அதை வேலை என்றே கொள்கின்றன. நம் நாடே சுற்றுலா விசாவில் வருபவருக்குக் கூலியில்லாத் தொண்டு என்றாலும் ஒரு மாதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. பள்ளி முறைப்படி அழைப்புக் கடிதம் கொடுத்து, உரிய விசாவுக்கு விண்ணப்பித்துத் தருமா என்று கேளுங்கள். ‘டூரிஸ்ட்டில் வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்கிற பள்ளி மற்றதையும் அப்படியேதான் பார்த்துக்கொள்ளும்.

பள்ளியோடு விடுதியோ இல்லமோ ஒட்டியிருந்தால் இரண்டு மடங்கு விசாரியுங்கள். கம்போடியாவில் யுனிசெஃப் பார்த்தபோது, அநாதை இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் ஏறக்குறைய மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். வெளிநாட்டுத் தன்னார்வலரும் நன்கொடையும் வரவர இல்லங்கள் பெருகின. வருகிறவரின் அன்பே பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கும் காரணமாகிவிட்டது. நல்ல பள்ளி உங்களிடம் போலீஸ் சான்றிதழ் கேட்கும். பாஸ்போர்ட் சேவா மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். கேட்காவிட்டாலும் கொண்டு போங்கள். பிள்ளையோடு தனி அறையில் இருக்காதீர்கள், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். உங்கள் சொந்தப் பிள்ளையின் முகத்தை முன்பின் தெரியாத யாரோ வெளிநாட்டுக்காரர் தன் சபையில் திரை போட்டுக் காட்டினால் சம்மதிப்பீர்களா என்று யோசித்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

போவதென்று முடிவாகிவிட்டால் கிளம்புமுன் ஒரு கடிதம் எழுதுங்கள். சபைப் பொதுக்குழுவுக்கும் ஏஜென்சிக்கும் வேண்டாம்; நீங்கள் துணை நிற்கப் போகும் அந்த வகுப்பாசிரியருக்கு, அவர் பேர் போட்டு. எந்தப் பாடத்தில் பிள்ளைகள் சிக்குகிறார்கள், எந்த நேரம் உங்களுக்குக் கை போதவில்லை, நான் போன பிறகு எந்த வேலை தொடர வேண்டும் என்று மூன்றும் கேளுங்கள். அவர் கைப்பட பதில் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். அந்தப் பதில் வராத பள்ளிக்குப் போக வேண்டாம்.